இளவரசனுக்குப் புளிசாதம்

கடைசிப் புத்தகத்தில் பதினோரு பக்கம் மீதி இருந்தபோதே இளவரசனைக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. நப்பின்னை அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள்.

"தொடர் நிறைவுத் துறை," என்றார் வந்தவர். பெயர் சகாயராஜ். கையில் பிளாஸ்டிக் ஃபைல். "ஆறு பாகத்துல அஞ்ச மூணே மாசத்துல முடிச்சிருக்கீங்க. ஆறாவத மட்டும் ஒரு வருஷமா இழுத்தடிக்கிறீங்க."

"வேலை ஜாஸ்தி சார்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

பொய்தான். நப்பின்னைக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. டோக்கன் வரிசைப்படி நோயாளிகளின் பெயரைக் கூப்பிடுவாள். ஐந்து மணிக்கு மேல் அவளை யாரும் தேடுவதில்லை. மனசில்லாமல்தான் புத்தகத்தைத் தொடாமல் வைத்திருந்தாள். முடித்தால் இளவரசன் போய்விடுவான்.

அந்தத் தொடர்கதையின் இளவரசன் எய்ரன், இரண்டாம் பாகம் படித்ததிலிருந்து அவள் வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்கிறான். பனிநாட்டுக்காரன். மதுரை வெயிலுக்கு அந்த மூலைதான் அவனுக்குத் தோதுப்பட்டது. கறுப்புச் சிறகு. வயது நானூறு, பார்த்தால் இருபத்திரண்டு சொல்லலாம். நப்பின்னைக்கு முப்பத்தாறு. பார்த்தாலும் முப்பத்தாறுதான் சொல்வார்கள்.

அவள் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன் உற்றுப் பார்த்து, "லியாரா, உன் கண்களில் புயல் அடிக்கிறது," என்பான். லியாரா என்பவள் கதாநாயகி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்பாள் நப்பின்னை.

புயலைப் பற்றி அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு தடவை அவன் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டாள். அவன் காதில் ஏறவில்லை.

"உரக்கப் படிங்க," என்று சகாயராஜ் சோபாவில் உட்கார்ந்தார்.

படித்தாள். முதல் பக்கம் முடிந்ததும் ஹால் பத்தடி நீண்டது. சகாயராஜ் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார். நான்காம் பக்கத்தில் ஃபிரிட்ஜ் தெருக்கோடி தூரத்துக்குப் போய்விட்டது. ஏழாம் பக்கத்தில் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ ஓட ஆரம்பித்தது. பத்தாம் பக்கத்தில் எய்ரன் லியாராவை முத்தமிட்டான். நப்பின்னை அதை டோக்கன் வாசிக்கும் குரலில் வாசித்தாள். தூரத்தில் இளவரசன் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தான்.

"இன்னும் ஒரு பக்கம்," என்றார் சகாயராஜ்.

"சார், தூரமாப் போறவர வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது."

"விதியா?"

"வழக்கம்."

அவர் ஃபைலைப் புரட்டினார். "வழக்கத்துக்குத் தடையில்ல. அரைமணி நேரம்."

புளிசாதம் கிளறினாள். பிரயாணத்துக்குக் கெடாது. எதில் கொடுப்பது என்று யோசித்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்த மூட்டையை அவிழ்த்தாள். அம்மா இருந்தவரை தீபாவளிக்குத் தீபாவளி சீருக்கென்று ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி, மகள் பெயரை வெட்டி வைப்பார். கல்யாணம்தான் நடக்கவில்லை. பாத்திரங்கள் பழைய செய்தித்தாளுக்குள் பளபளவென்று அப்படியே இருந்தன. ஒரு டிபன் பாக்ஸை எடுத்து, கழுவி, சாதத்தை அமுக்கி மூடினாள். அழுகை வந்தது. அழுதுவிட்டுத்தான் ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டினாள்.

"எங்கக்கா?" என்றார் டிரைவர்.

"ஃபிரிட்ஜ்."

"நெருக்கி உட்காருங்க."

எய்ரன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மூடியில் வெட்டியிருந்த புள்ளி எழுத்துகளை விரலால் தடவினான்.

"நப்பின்னை," என்றான்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பள்ளிக்கூட வருகைப்பதிவிலிருந்து ரேஷன் கார்டு வரை எத்தனையோ பேர் வாசித்த பெயர். அது இவ்வளவு அழகான பெயர் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

"நப்பின்னை யார், லியாரா?"

நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அவன் அந்தப் பெயரை மறுபடி சொல்ல வேண்டியிருக்காது, அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும்.

"பாத்திரத்துக்காரி. சாப்பிட்டுட்டு, கழுவி, அவகிட்டயே திருப்பிக் குடுத்துடணும்."

"அவளை எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"வீடு வீடாப் போயி பேரச் சொல்லிக் கேளுங்க."

அவன் தலையசைத்தான். நப்பின்னை அதே ஆட்டோவில் சோபாவுக்குத் திரும்பிக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். கடைசி வரி முடிந்ததும் ஹால் பழைய அளவுக்குச் சுருங்கியது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் யாரும் இல்லை.

சகாயராஜ் 'நிறைவு' முத்திரையை மையில் ஒற்றி ஓங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

"எதுல குடுத்து விட்டீங்க?"

"டிபன் பாக்ஸ்ல."

"பேர் வெட்டினதா?"

"ஆமா சார்."

"என்னம்மா நீங்க. பேர் வெட்டின பாத்திரம் வெளிய இருந்தா நிறைவு போட முடியாதே."

"திரும்பி வந்தா?"

"வந்து, நீங்க கைநீட்டி வாங்கினா, அன்னைக்கே முடிஞ்சுது."

முத்திரையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கோபமாகப் படியிறங்கிப் போனார்.

மூன்று மணி வாக்கில் கீழ்வீட்டு வாசலில் குரல் கேட்டது. "நப்பின்னை இங்கே இருக்கிறாளா?"

"மூணாவது மாடி. லிஃப்ட் ஓடல," என்றார்கள்.

சிறகு சுவரில் உரசும் சத்தம் படிப்படியாக மேலே ஏறி வந்தது. நப்பின்னை ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவிடுக்கில் சில்லென்று காற்று வந்தது.

"நப்பின்னை," என்றான் வெளியிலிருந்து.

அவள் தாழ்ப்பாளை நகர்த்தவில்லை.

"நப்பின்னை." இந்தத் தடவை இன்னும் மெதுவாக, நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு கேட்பதைப் போல.

இன்னொரு தடவை கூப்பிடட்டும், திறந்துவிடலாம் என்று நினைத்தாள். கூப்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று நின்றாள்.