அடுக்களையில் ஆசிட்

ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டை எங்கள் பக்கத்தில் சின்னத் தோட்டக்காரர்கள் கேனோடு வாங்குவதில்லை. காலித் தண்ணீர் பாட்டிலைக் கடையில் நீட்டினால் ஊற்றிக் கொடுப்பார்கள். அது வீட்டுக்கு வந்து அடுக்களையில், குடிக்கிற தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்காரும். ஒரே நிறம், ஒரே மூடி.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்து வந்ததும் வெடிப்பு விட்டிருந்த கேஸ் டியூபை மாற்றினேன். தொட்டால் சுள்ளென்று அடித்த மோட்டார் சுவிட்சை ஆள் கூப்பிட்டு மாற்றினேன். இரண்டுக்கும் அப்பா சிரித்தார். அப்பா யோவான் ஊரில் யாரையும் கேலி பண்ணாமல் விடாத ஆள். ஆசிட் பாட்டிலை வெளியே வையுங்கள் என்று நான் கத்தியபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“நீ பொறக்கதுக்கு முன்னமே அது அங்கதான் இருக்கு. எனக்க பாட்டில் எனக்குத் தெரியாதாக்கும்?”

படித்தவளுக்கு வீட்டில் தொட்டதெல்லாம் குற்றம் என்று அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் விடியும் முன்பே அவர் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார். நான் மார்க்கர் பேனாவோடு அடுக்களைக்குள் போனேன். பாட்டிலில் ‘விஷம்’ என்றாவது எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். அதுதானா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். மூக்கைக் குத்தவேண்டிய வாடை வரவில்லை. உள்ளே இருந்தது வெறும் தண்ணீர்.

“அம்மா, அப்பாவுக்கு எந்தப் பாட்டிலக் குடுத்து விட்டிய?”

அம்மா என் கையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அப்பாவின் போனோ மேசைமேல் கிடந்தது. பால் ஒட்டும் என்று தோட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டார்.

ஓடினேன். இரவு பெய்த மழையில் சரிவெல்லாம் வழுக்கியது. கூப்பிட்டால் பதில் இல்லை. புதிதாய் வெட்டிய பட்டையில் பால் வடிகிற மரங்களைப் பார்த்துப் பார்த்து அவர் போன வழியைப் பிடித்தேன். ஒரு மரத்தில் வெட்டு பாதியில் நின்றிருந்தது. கீழே கத்தி கிடந்தது. கத்தியைத் தரையில் போடுகிற மனுஷன் இல்லை அவர்.

கொஞ்சம் தள்ளி மண்டியிட்டுக் கிடந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாய் வழிந்தது. பாட்டில் புல்லில் கவிழ்ந்திருந்தது.

“முழுங்குனியளா? அப்பா, முழுங்குனியளா?”

தலை ஆடியது. ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா, எனக்குப் புரியவில்லை.

வீட்டில் எடுத்த தண்ணீர் பாட்டில் இன்னும் என் கையிலேயே இருந்தது. கொப்பளிக்கச் சொல்லி அவர் வாயருகே கொண்டுபோனேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெந்த உதடுகளை இறுக்கி மூடினார். அதே பாட்டில், அதே மூடி. அவர் கண் முன்னால் நானே ஒரு வாய் குடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

அம்மா மூச்சிரைக்க உப்புத் தண்ணீரோடு வந்தாள், வாந்தி எடுக்க வைக்க. தட்டிவிட்டேன். கீழே போகும்போது சுட்டது மேலே வரும்போதும் சுடாதா? ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை கொப்பளிக்க வைத்துக்கொண்டே இருந்தேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் நாக்கும் உதடும்தான் வெந்திருக்கிறது, தொண்டை தப்பித்தது என்றார்.

வீட்டுக்கு வந்த அப்பாவால் கஞ்சிதான் குடிக்க முடிந்தது. பேச முடியவில்லை. நான் லேபிள் ஒட்டிய ஆசிட் கேன் ஒன்று வாங்கி, வெளியே ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தேவகனி மாமி விசாரிக்க வந்தாள். கையில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில்.

“மக்கா, கொஞ்சம் ஆசிட் ஊத்தித் தா. எனக்க அடுக்களையில இருக்கது கொஞ்சந்தான், இன்னைக்குக் காணாது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. “இவரப் பாத்த பொறவும் பாட்டில நீட்டுதியளே மாமி?”

“நான் பாத்துத்தான் வைப்பேன். பேரப்பிள்ளைய எல்லாம் வேற லீவுக்கு வந்து கெடக்குவ.”

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். மாமி கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக் காலால் மிதித்து நசுக்கினார். சட்டைகூடப் போடாமல், செருப்பில்லாமல், மாமி வீட்டு அடுக்களையைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.