பார்த்து எழுதியவள்

"பொம்பளைக்கு எப்படிடி வரும் இவ்வளவு மார்க்கு? என் புள்ளை..."

"நானே படிச்சுத்தான் அத்தை..."

"என் புள்ளை உனக்குக் காட்டிக் காட்டியே கோட்டை விட்டுட்டான்!"

"அவரு எதையும் காட்டலை அத்தை!"

புருஷன் தட்டை வழித்து விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

இருவருக்கும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை. வெளுக்கும் மருந்து டிரம்மில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் மெஷின் பிரிவு என்று சொல்லி, ஆலையிலேயே மாலை வகுப்பு வைத்தார்கள். இரண்டு பேருமே சேர்ந்தார்கள். சோடா நீர்த் தொட்டியில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்து உரிந்துகிடந்தது. அந்தத் தொட்டியை விட்டுக் கரையேற அவளுக்கு வேறு வழி கிடையாது.

"முதல்ல கேள்வியைப் படிங்க, அப்புறம் பாடத்தைப் படிங்க. தெரியாத வார்த்தை வந்தா அங்கேயே உக்காந்துடாதீங்க. முன்னே பின்னே என்ன இருக்குன்னு பாத்தா அர்த்தம் தானா பிடிபடும்" என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அவள் அப்படியே செய்தாள். அவனுக்கு அது கௌரவக் குறைச்சல். "தாவித் தாவிப் படிக்க நான் என்ன குரங்கா?" என்று வார்த்தைக்கு வார்த்தை அகராதியைப் புரட்டினான். பரீட்சையிலும் அதே கதைதான். மணி அடித்தபோது முதல் பத்தியில் முட்டிக்கொண்டு நின்றான். அவள் தேறினாள், அவன் தேறவில்லை.

பெண்டாட்டி மெஷினில், புருஷன் தொட்டியில் என்றால் குடும்ப மானம் என்ன ஆவது? மாமனார் பல்லைக் குத்திக்கொண்டே வழி கண்டுபிடித்தார். புருஷனைப் பார்த்து எழுதியதாக அவள் டீச்சரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் மார்க்கு ரத்தாகும். காட்டிக் காட்டியே நேரம் போன மகனுக்கு மறுபரீட்சை கிடைக்கும்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?"

"கட்டினவனுக்காகச் சொல்றதுக்குப் பேரு பொய்யாம்மா? எங்கே, ஒரு தடவை சொல்லிக் காட்டு."

"திக்காம சொல்லு" என்றான் புருஷன். காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எச்சில் தட்டை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"டீச்சர், நான் இவரைப் பாத்துத்தான் எழுதினேன்."

"ஆங், அப்படித்தான்!" மாமியார் முகம் மலர்ந்தது.

"இவரு முதல் பத்தியையே தாண்டலையே, மிச்சப் பதிலையெல்லாம் யாரைப் பாத்து எழுதினேன்னு டீச்சர் கேட்டா, என்ன மாமா சொல்லட்டும்?"