அகதா அசையாத ஒன்பது நாள்

அகதா பாயில் படுத்த நேரத்திலிருந்து ஒன்பது நாள் அந்த விரிகுடாவில் கடல் ஏறவுமில்லை, வற்றவுமில்லை. கடல்நாய்த் தோல் வாங்க வந்த பாய்மரக் கப்பல் சேற்றில் சாய்ந்து கிடந்தது. கப்பல்காரன் தினமும் கரையிறங்கி, கடலைத் திட்டிவிட்டுப் போனான். திமிங்கிலத்துக்கு ஈட்டி எறியப் போகிறவனின் பெண்டாட்டி, அவன் திரும்பும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அவள் புரண்டால் ஈட்டி பட்ட திமிங்கிலமும் புரண்டு ஆழ்கடலுக்கு ஓடும். ஈட்டிக்காரனான அகதாவின் புருஷன் பெனடிக்டும் வேறு ஏழு பேரும் தேவதாருத் தோணியில் போனார்கள். ஈட்டி பட்ட திமிங்கிலம் அவர்களை மூடுபனிக்குள் இழுத்துப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு; திரும்பியதைப் பார்த்தவர் இல்லை.

மூன்றாம் நாள் அகதாவின் மரப்பட்டைப் போர்வையில் பாசி படர்ந்தது. ஐந்தாம் நாள் கூந்தலில் ஒரு கடற்பறவை முட்டையிட்டது. ஏழாம் நாள் ஊரில் இழவுப் பாட்டு எழுந்தது. கைம்பெண்ணின் கூந்தலை அறுக்க, பெனடிக்டின் அக்கா செசிலியா சிப்பிக் கத்தியோடு வந்து உட்கார்ந்தாள்.

"எந்திரிடி. எட்டுப் பேரும் போயிட்டாங்க. என் தம்பிக்கு நான் அழுது முடிச்சாச்சு. நீ எப்ப அழப்போறே?"

அழுதால் தோள் குலுங்கும் என்று அகதா அழுகையை விழுங்கிக்கொண்டாள். கண்மணியை மட்டும் இடமும் வலமுமாக ஒருமுறை ஓட்டினாள்: மாட்டேன். செசிலியா "வீம்பு புடிச்சவ" என்று முணுமுணுத்து, கத்தியைத் தூர வைத்துவிட்டு, பக்கத்திலேயே படுத்தாள். மறுநாள் தோணியில் போன மற்ற ஏழு பேரின் வீட்டுப் பெண்களும் வந்து வரிசையாகப் படுத்தார்கள். அதன்பின் காற்றும் நின்றது. புகை கூரைகளின் மேல் கம்பம்போல் நின்றது.

ஒன்பதாம் நாள் காலை திமிங்கிலம் தானே கரைக்கு வந்து, மணலில் தலைவைத்து உயிர்விட்டது. பின்னால் தோணி, தோணியில் எட்டுப் பேரும் இருந்தார்கள். விருந்தாளியை வரவேற்பதுபோல் ஊரார் பாடி, திமிங்கிலத்தின்மேல் கழுகின் மென்னிறகுகளைத் தூவினார்கள். அகதா எழுந்து உட்கார்ந்தாள். கடல் ஒரே மூச்சில் ஏறிக் கப்பலை நிமிர்த்தியது.

அகதா செசிலியாவிடம் கை நீட்டினாள்: "கால் மரத்துப்போச்சு அண்ணி, தூக்கிவிடுங்க."

உள்ளே வந்த பெனடிக்ட் நின்றபடியே கேட்டான்: "ஏழாம் நாள் தோணி ஒரு குலுக்கு குலுங்கிச்சு. நீ அசைஞ்சியா?"

"உங்க அக்காவைக் கேளுங்க."

அவரவர் உரிமைப்படி திமிங்கிலம் பங்கிடப்பட்டது. ஈட்டி எறிந்தவனுக்குரிய முதுகுப் பங்கை பெனடிக்ட் தன் கையாலேயே அகதாவின் முன் வைத்தான். அடுத்த பருவத்திலிருந்து அந்தக் கரைக்கு வந்த கப்பல்காரர்கள் காற்றின் திசையைக் கேட்பதில்லை. அகதா எழுந்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டு பாய் விரித்தார்கள்.