கிழக்கே நகர்ந்த 47ஆம் நம்பர் வீடு

1986ஆம் வருடம் ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆவடியில் தொழிற்சாலை குவாட்டர்ஸின் 47ஆம் நம்பர் ஓட்டு வீடு ஒரு சாண் கிழக்கே நகர்ந்தது. தக்காளி அன்று கிலோ இரண்டு ரூபாய். வீட்டுக்குள் இருந்த செங்கல்வராயனுக்கு நகர்ந்தது தெரியவில்லை. கண்ணை மூடி இசைத்தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெகதாம்பாளுக்குத்தான் தெரிந்தது. அவளும் முறமும் இருந்த இடத்தில் இருக்க, படி மட்டும் தள்ளிப் போயிருந்தது. "யோவ், ஊடு நகருதுயா" என்று கத்தினாள். "பாட்டு முடியட்டும் இரு" என்றார் அவர்.

செங்கல்வராயன் என்ஜின் சோதனைப் பிரிவில் ஃபிட்டர். கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்த மைத்துனர் மனோகரன், ஹாம்பர்க்கில் இறங்கினாலும் நியூயார்க்கில் இறங்கினாலும், டிஸ்கோ ஆட்டக்கூடங்களில் கழித்துப் போட்ட பெரிய கறுப்புத் தட்டுகளை வாங்கிவந்து கொடுப்பார். அதில் மிருதங்கமும் இல்லை வயலினும் இல்லை, மின்சாரப் பெட்டி போடும் தாளமும் அதன்மேல் பாடும் ஒரு பெண் குரலும்தான். எண்பத்து நாலில் முதல் தட்டைக் கேட்டபோது செங்கல்வராயன் அழுதுவிட்டார். எட்டு மணி நேரம் காதருகே கத்துகிற அதே இயந்திரம், குளித்துத் தலைவாரிக்கொண்டு பாட வந்ததுபோல அவருக்கு இருந்தது. அதன்பின் எந்தத் தட்டில் எத்தனையாவது நிமிடம் கைத்தட்டல் சேரும், அடித்தாளம் எங்கே ஒளிந்து எங்கே திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பழைய வேட்டித் துணியால் துடைப்பார். ஒரே ஒரு விரதம் வைத்திருந்தார்: முதல் பக்கத்தை மட்டுமே போடுவார். மறுபக்கத்தில் ஊசி பட்டதே கிடையாது. ஒரு பக்கமாவது தேயாமல் புதுசாக இருக்கட்டும் என்ற கஞ்சத்தனம்தான், வேறென்ன.

இரண்டு வருடம் சும்மா கேட்டுக்கொண்டிருந்த வீடு அந்த ஆடியிலிருந்து நடக்கத் தொடங்கிவிட்டது, ஒரு தட்டுக்கு ஒரு சாண். ஞாயிறுதோறும் நாலு தட்டு, நாலு சாண். பக்கத்து வீட்டுக்காரர்கள் சினிமாப் பாட்டு கேசட் கொண்டுவந்து சோதித்தார்கள், வீடு அசையவில்லை. சினிமாப் பாட்டு நடுவில் நின்று கொஞ்சும், சிணுங்கும். இந்தப் பாட்டு ஷிப்டுக்குப் போகிறவன் மாதிரி நிற்காமல் நடக்கும், அதனால்தான் வீடும் கூட நடக்கிறது என்று குவாட்டர்ஸில் பேசி முடிவு செய்தார்கள். லைன்மேன் ஜெயராமன் பொங்கலுக்குப் பொங்கல் வந்து ஐம்பது கெஜம் ஒயர் கூட்டிக் கொடுத்தார். தண்ணீருக்கு ரப்பர் குழாய் நீண்டது. தபால்காரர் மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்.

கவலை வேறு இடத்தில் இருந்தது. தொண்ணூற்று ஐந்து மே மாதம் செங்கல்வராயனுக்கு ஓய்வு. குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சத்தத்துக்கு எவனும் வாடகைக்கு வீடு கொடுக்க மாட்டான். "தட்டா, ஊடா, நீயே சொல்லு" என்றாள் ஜெகதாம்பாள். தட்டுகளைக் கொண்டுவந்தது கூடப்பிறந்தவன் என்பதால் அதற்குமேல் பேச அவளுக்கு வாய் வரவில்லை. செங்கல்வராயன் யோசித்தார். பிறகு ஃபிட்டர் புத்திப்படி வீடு போகும் திசைக்கு நூல் பிடித்து, குவாட்டர்ஸ் மதிலுக்கு அப்பால் சேக்காட்டில், அதே நேர்கோட்டில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டார். தொண்ணூற்று மூன்றில் வீடு மதிலை அடைந்தது. சேக்காட்டுக் கடைகளுக்குக் குறுக்கே போக ஜனங்கள் அங்கே எப்போதோ ஒரு சந்து உடைத்திருந்தார்கள். வீடும் எல்லோரையும் போல உடம்பைக் குறுக்கிக்கொண்டு அதன் வழியாகத்தான் போயிற்று. நாலு ஓடு உடைந்தது.

ஓய்வுக்குப் பத்து நாள் முன்னால் வீடு மனைக்குள் வந்து சேர்ந்தது. எஸ்டேட் ஆபீஸிலிருந்து உத்தமன் கணக்கெடுக்க வந்தார். 47ஆம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. விசாரித்துக்கொண்டே சேக்காடு வரை நடந்துவந்து, மோர் குடித்துவிட்டு, "பழைய ஓட்டு ஊடு அல்லாம் இந்த வருசம் இடிக்கச் சொல்லி ஆர்டர் வந்துகீது அண்ணாத்தே. நம்பளுக்கு ஒரு வேல மிச்சம்" என்றார். காலி செய்யப்பட்டது, இடம் சுத்தமாக உள்ளது என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஜெகதாம்பாள் அன்று பாயசம் வைத்தாள்.

பாயசம் செரிப்பதற்குள் செங்கல்வராயனுக்கு உறைத்தது. மனை முடிந்துவிட்டது. வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி அடுத்த மனைக்காரி வேம்புலியம்மாளின் நிலம். இன்னும் ஒரே ஒரு தட்டு போட்டால் வீடு அவளுடைய கனகாம்பரச் செடிகளில் ஏறும். இருந்தது இருநூற்றுப் பதினாறு தட்டு, போட முடிந்தது ஒன்றுமில்லை.

ஆறு வாரம் அவர் எதையும் போடவில்லை. எடுப்பார், துடைப்பார், உறையில் வைப்பார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். பத்து வருடமாக அந்தச் சத்தத்தைத் திட்டித் தீர்த்த ஜெகதாம்பாளுக்கு, இப்போது அது இல்லாமல் வீடு சாவு வீடு போல இருந்தது. அந்தத் தாளத்துக்குத்தான் தன் கை இத்தனை நாளும் தேங்காய் துருவியிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏழாவது ஞாயிறு அவள் பொறுக்கவில்லை.

"மறுபக்கம் போடுயா."

"அது ஊசியே படாத பக்கம், ஜெகதா."

"பொத்திப் பொத்தி வெச்சி இன்னா பண்ணப் போற? எனக்கு வாங்குன பட்டுப்பொடவைய நான் பீரோல வெச்சே பூச்சி அரிச்சிது, நெனப்பு கீதா?"

அவர் பதில் சொல்வதற்குள் முதல் தட்டைப் புரட்டிப் போட்டு, தானே ஊசியை வைத்தாள்.

அதே பாட்டுதான். ஆனால் பாடினவளை எடுத்துவிட்டிருந்தார்கள். தாளத்துக்கும் தாளத்துக்கும் நடுவே ஆள் நடமாடும் அளவுக்கு இடம் இருந்தது. அங்கே எதிரொலி மட்டும் போய் வந்தது. செங்கல்வராயன் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கையில் இருந்ததில் பாதியைக் கேட்காமலே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோமே என்று அழுதார், கூடவே சிரித்தார். வாசலில் போய்ப் பார்த்த ஜெகதாம்பாள், "யோவ், ஊடு பின்னாடி வந்துகீதுயா" என்றாள். ஒரு சாண், சரியாக மேற்கே.

அன்றிலிருந்து முதலில் மறுபக்கம், பிறகு முன்பக்கம். வீடு ஒரு சாண் போகும், ஒரு சாண் வரும். சேக்காட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொண்ணூற்று எட்டில் வேம்புலியம்மாள் தன் மனைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினாள். அந்தப் பக்கம் மட்டும் தன் நிலத்திலேயே ஒரு சாண் விட்டுக் கட்டச் சொன்னாள். சொந்த எடத்த ஏன் விடணும் என்று மேஸ்திரி கேட்டார்.

"அந்தாளு ஆசையில முன்பக்கத்தையே ரெண்டு தபா போட்டுட்டாருனா, ஊடு எங்க நைனா போவும்?" என்றாள் வேம்புலியம்மாள்.

"அதுவும் சரிதான்" என்று மேஸ்திரி கையை விரித்து ஒரு சாண் அளந்து, நூலைக் கட்டினார்.