அந்தப் பூங்காவில் என்ன இருக்கிறது?

தையல்காரியின் வீட்டில் வருஷம் தவறாமல் சொந்தமும் சிநேகிதமுமாக ஒரு வண்டி நிறைய ஆட்கள் வெளியே போய், நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இடம் முடிவு செய்வது அவளுடைய அண்ணன். மற்ற ஏற்பாடெல்லாம் அவள் தலையில். அத்தனை பேருக்கும் சமைத்துக் கட்டிக்கொடுக்கிற அண்ணி மட்டும் வரமாட்டாள். கேட்டால் தலைவலி என்பாள், வீட்டில் வேலை கிடக்கிறது என்பாள். "அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டான். கட்டின பெண்டாட்டியைப் புரிந்துகொண்ட லட்சணம் அது!

தையல்காரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். போன வாரம் அவளும் அண்ணியும் புதுப் பாய் வாங்கப் போனார்கள். வெயிலில் வந்தவர்களுக்குக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். அண்ணி தொடவில்லை.

"சர்க்கரை வந்ததுலேருந்து அடிக்கடி போகணும்டி. நடுவழியில ஒதுங்க இடம் தேடி யார் அலையறது?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. அருவி, ஏரிக்கரை என்று போன இடங்களில் ஒன்றிலாவது கழிப்பறை இருந்ததா? ஆண்களுக்கு மரத்தடி போதும். அவளே எத்தனையோ தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறாள்.

மறுநாள் கடையை மதியமே சாத்திவிட்டு இடம் பார்க்கக் கிளம்பினாள். அலையாய் அலைந்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பூங்காவின் கழிப்பறையில் கதவு ஒழுங்காக மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னாள். அங்கே கூட்டிக்கொண்டிருந்த பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாயங்காலம் கூடத்தில் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் குதித்தான்.

"அங்க என்ன இருக்கு? நாலு பெஞ்சும் ஒரு சறுக்குமரமும்! பேசாம அருவிக்கே போலாம்."

வந்திருந்த சிநேகிதர்களும் ஆமாம் போட்டார்கள். காரணத்தை நாலு பேர் முன்னால் போட்டு உடைக்கவா முடியும்?

"அண்ணே, பூங்கான்னா எல்லா ஏற்பாடும் நான் பாத்துக்கறேன். அருவின்னா நீயே பாத்துக்கோ."

ஏற்பாடு என்றதும் அண்ணன், "சரி சரி, பூங்காவே இருக்கட்டும்" என்றான். சிநேகிதர்களுக்கும் பூங்கா திடீரென்று பிடித்துப்போனது.

தையல்காரி சமையலறைக்குப் போய் அண்ணியின் காதோடு சொன்னாள். "சுத்தமா இருக்கு அண்ணி. தாழ்ப்பாள் விழுது, தண்ணி வருது. நானே போய்ப் பாத்தேன்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "இதுக்காகவா உங்க அண்ணன்கிட்ட மல்லுக்கு நின்ன?" என்றாள். தையல்காரிக்கு இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை சீக்கிரமா எழுந்து வெங்காயம் உரிச்சுக் கொடுங்க. இந்தத் தடவை நானும் கிளம்பணும்."