பங்காளி கோடி

அவிழ்ந்துபோன துணியை இறுக்கி, அப்பாவின் கால் கட்டைவிரல்களை மானசா மறுபடி சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கிய பெண் பந்தலைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

மானசாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாய்ப்ரியா. சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை அனுப்பிய பெண். வீட்டை ஒட்டியிருக்கும் பழைய பஞ்சு குடோனை அப்பா நரசிம்மலு, படம் வரைகிறவர்களுக்கும் சிலை செய்கிறவர்களுக்கும் கரண்ட் பில் மட்டும் கட்டினால் போதும் என்று விட்டிருந்தார். அதனால் இந்தத் தெருவுக்கு என்ன பயன் என்று இந்தப் பெண் அளந்து சொல்ல வேண்டும். நல்லபடியாகச் சொன்னால் ஒழுகுகிற கூரையை மாற்றித் தருவார்கள். இன்றைக்கு வரச் சொன்னதே அப்பாதான். "இம்பாக்ட் பாக்கறாங்களாமா. இம்பாக்ட்டுன்னா என்ன அம்மிணி, லாரி வந்து மோதறதா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் குடோனில் சிலை செய்யும் ஜெரோமின் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியாதுங்க. இன்னொரு நாள் வாரேன்" என்றாள் சாய்ப்ரியா.

"எதுக்குங்க இன்னொரு நாளு? அளக்கத்தான வந்தீங்க? எல்லாரும் இன்னைக்கு இங்கதான் இருக்காங்க. உக்காருங்க."

அழுது அழுது மானசாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சொன்னது அதட்டல் மாதிரி வந்துவிட்டது. சாய்ப்ரியா சட்டென்று உட்கார்ந்தாள்.

பந்தலுக்கு நடுவில் நின்று பெரியப்பா லட்சுமணசாமி எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பை ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே ஒரு புதுப் பூட்டு. காலையில் வந்ததும் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேவினார். நிஜமாகவே கேவினார், அதை மானசா இல்லையென்று சொல்லமாட்டாள். ஆனால் கண்ணைத் துடைத்ததும் அடுத்த பேச்சு குடோன்தான். இடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை.

"எடுத்ததும் குடோனைப் பூட்டிப்போடலாம் கண்ணு" என்று அவள் காதருகே குனிந்தார். "அவன் இருந்தான், சரின்னு நானும் உட்டுட்டேன். இனி உள்ள இருக்கறவங்க உரிமை கொண்டாடுனா யாரு கோர்ட்டுக்கு அலையறது? வாங்கறதுக்கு ஆளு ரெடியா இருக்குது."

"அப்பா இன்னும் ஊட்டுலதான் இருக்காருங்க பெரியப்பா."

"அதனாலதான் மெதுவாச் சொல்றேன்."

என்ன ஒரு மனசு! மெதுவாகச் சொல்கிறாராம். மானசா பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பூட்டு ஒருதரம் தொங்கிவிட்டால் அப்புறம் கட்டடத்தை இடிக்கத்தான் திறப்பார்கள். ஜெரோம் தன் சிலைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? காரை நிறுத்தவே வாடகை கேட்கிற ஊர் இது.

சாய்ப்ரியாவின் பக்கத்து நாற்காலியில் சுப்பாத்தாள் இருந்தாள். சந்து முனையில் டீக்கடை வைத்திருப்பவள். பேச ஆள் கிடைத்தால் சும்மா விடமாட்டாள்.

"இவிங்க வாரதுக்கு முந்தி, பொழுது உழுந்துட்டா இந்தச் சந்துல ஒரு சனம் நடக்காது கண்ணு. பூராம் குடிகாரனுங்க. இப்ப குடோன்ல லைட்டு எரியுது, பாட்டுப் பாடுது, மில்லுல ஷிப்ட் முடிஞ்சு வர்ற புள்ளைங்க இப்படித்தான் வருதுங்க. சாக்கடைக்கு மூடி இல்லாம எம் பையன் உழுந்து பல்லு போச்சு. சொல்லாத ஆபீசு இல்ல. கடைசில அந்த ஜெரோம் தம்பிதான் சிமென்ட்டுல மூடி வார்த்துப் போட்டுச்சு. அதும் மேல ஒரு மீனு வேற செஞ்சு உட்டுருக்குது. மிதிக்கவே மனசு வர்றதில்ல, போ."

சாய்ப்ரியா கைப்பையைத் திறந்தாள். உள்ளே இருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு எடுக்காமல் மூடினாள்.

"பங்காளி கோடி போடறவங்க வாங்க!"

காரியம் செய்ய வந்திருந்த மருதாசலத்தின் குரல் சந்து முனை வரை கேட்டது. போனவர் மேல் உறவுக்காரர்கள் புதுத்துணி போர்த்துகிற நேரம். முறை சொல்லித்தான் கூப்பிடுவார். முறை இல்லாதவர் துணி ஏறாது. பெரியப்பா முன்னால் வந்து கரை வேட்டியை விரித்துத் தம்பியின் மேல் போர்த்தினார். அடுத்து மாமன் மச்சான் கோடி. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி போட்டார். ஆட்கள் கலையத் தொடங்கினார்கள்.

அப்போது ஜெரோம் எழுந்து வந்தார். மதுக்கரைக்காரர். இன்றைக்கும் விரல் இடுக்கில் சிமென்ட் ஒட்டியிருந்தது. பின்னால் குடோன் ஆட்கள், மெர்சி, ரைஹான் எல்லோரும். ஜெரோமின் கையில் காடாத்துணி மடித்து இருந்தது. சாயம் ஏறாத, தண்ணீர் படாத துணி. அவர்கள் சட்டத்தில் இழுத்து ஆணியடித்துப் படம் வரைவது அதில்தான்.

"புதுத்துணி கொண்டாரணும்னு சொன்னாங்க. எங்ககிட்ட இருக்கற புதுத்துணி இதுதானுங்க."

"என்ன மொறைங்க?" என்றார் மருதாசலம். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

ஜெரோம் திரும்பி மெர்சியைப் பார்த்தார்.

"மொறையாவது ஒண்ணாவது! குடோன்ல இருக்கறவங்கப்பா" என்றார் பெரியப்பா. "தம்பி, அதை ஓரமா வெச்சுட்டுப் போங்க. கோடி சொந்தக்காரங்க போடறது." பிறகு மானசாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அவிங்க யாரு, என்ன ஆளுங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. சிமென்ட்டுல செலை செய்யறவங்க."

ஜெரோம் துணியோடு திரும்பினார். அந்த முதுகைப் பார்த்ததும் மானசாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று இதே ஆள் அப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு செருப்புகூட இல்லாமல் மெயின் ரோடு வரை ஓடினார்.

"நில்லுங்க ஜெரோம் அண்ணா. மருதாசலம் அண்ணா, பங்காளின்னு கூப்புடுங்க."

அப்பா கேட்ட லாரி பந்தலுக்குள் வந்து மோதிவிட்டது. கலைந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பெரியப்பா கோபம் வந்தால் வீட்டில் பேசுகிற தெலுங்குக்குத் தாவிவிடுவார். இன்றைக்குத் தாவவில்லை, ஊருக்கே கேட்கட்டும் என்று தமிழிலேயே கத்தினார்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? பங்காளின்னா என்ன அர்த்தம்னு தெரியுமா? நாளைக்குப் பங்கு கேப்பாங்க!"

"கேக்கட்டுமுங்க பெரியப்பா. கூரை ஒழுகுனா ஏறுனாங்க. அப்பா கூட உக்காந்து சோறு தின்னாங்க. நேத்து தூக்கிட்டு ஓடுனாங்க. நீங்க பூட்டோட வந்தீங்க."

பெரியப்பாவின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. மருதாசலம் இவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாவு வீட்டில் முறை தப்பிக் கூப்பிட்டால் பேச்சு அவருக்குத்தான் வரும்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா இப்போது தலையை நிமிர்த்தினாள்.

"எம்பட பங்குல கூப்புடுங்க, மருதாசலம்."

பெரியப்பா திரும்பி அவளைப் பார்த்தார். குடோனில் இனி பாதி அவளுடையது. அது அவருக்கும் தெரியும், பந்தலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

"பங்காளி கோடி!" முதலில் கூப்பிட்டதைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார் மருதாசலம்.

ஜெரோமும் மெர்சியும் ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தார்கள். பெரிய படத்துக்கென்று வெட்டி வைத்த துணி. அப்பாவை முழுக்க மூடி, கால் தாண்டியும் வெகு நீளம் மிச்சம் கிடந்தது. வேட்டியும் மற்ற கோடிகளும் அடியில் மறைந்துபோயின.

"மிச்சத்தை அறுத்துடலாங்களா அம்மிணி?" என்றார் மருதாசலம்.

"வேண்டாங்க. இருக்கட்டும்."

எடுத்தார்கள். பாடையின் முன்கொம்பு ஒன்றில் ஜெரோம் தோள் கொடுத்தார், யாரும் தடுக்கவில்லை. பெண்கள் கேட் வரைதான். மானசா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சாய்ப்ரியா, ஹெல்மெட்டை இப்போதுதான் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பாடை குடோனைத் தாண்டி சந்துக்குள் போனது. சாக்கடை மூடி வந்ததும் தூக்குகிறவர்கள் மீனை மிதிக்காமல் சற்று விலகி நடந்தார்கள்.

துணியின் மிச்சம் பாடைக்குப் பின்னால் தொங்கி மண்ணில் புரண்டது. பின்னால் நடந்த பெரியப்பா இரண்டு முறை காலைத் தூக்கி அதைத் தாண்டினார். பிறகு குனிந்து, முனையை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டார். திறந்து கிடந்த குடோன் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, துணி தரையில் படாமல் பிடித்துக்கொண்டே நடந்தார்.