லவான் நின்ற மூலை

அதிபர் தேர்தலுக்கு வேட்பாளரைப் பொறுக்கி எடுக்க, அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் கட்சிக்காரர்கள் பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு நழுவ முடியாது. ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்கு வந்து, பிடித்தவரின் பெயர் ஒட்டிய மூலையில் ஊரறிய நிற்க வேண்டும். ஆள் போதாத மூலை கலைந்துவிடும். அதற்கு முன் அரை மணி நேரம், யாரும் யாரையும் பேசி இழுக்கலாம். எண்ணும்போது வெளியே இருப்பவர் கணக்கில் சேர மாட்டார். தலைகளை எண்ணுவது நான்தான். சண்டை மூட்டிவிட்டுச் சம்பளமில்லாமல் வேடிக்கை பார்க்கும் வேலை. எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது.

அந்த வருடம் லவான் டெஸ்டாலின் மூலையில் ஓர் ஆள் குறைந்தது. படைகளைத் திரும்பக் கூப்பிடுவேன் என்றவருடைய மூலை அது. லவானின் மகன் ட்ரென்ட் அப்போது ஈராக்கில் இருந்தான். எங்கள் ஊரிலிருந்து ஒருவராவது மாவட்ட மாநாட்டில் எழுந்து அந்தப் போரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவள் தவித்தாள். நிலைத்து நிற்கும் மூலைதான் அங்கே ஆள் அனுப்ப முடியும்; கலைந்தால் அதுவும் போச்சு.

அவள் கணவன் வெர்லின் எதிர் மூலையில், சோயாவுக்கு நல்ல விலை வாங்கித் தருவேன் என்றவருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"முதல்ல வீட்டைப் பாரு லவான். ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க, சோயா விலை பாதாளத்துல கெடக்கு. வெளிநாட்டு விவகாரத்தை அப்புறம் பேசலாம்."

"நம்ம சாப்பாட்டு மேசையில ஒரு நாற்காலி காலியா கெடக்கே, அது எந்த நாட்டு விவகாரம்?"

வெர்லினுக்குப் பக்கத்தில் நின்ற ஆர்வில் ஹாகன் பதில் சொன்னார். வியட்நாம் போய் வந்தவர், விட்டுக்கொடுக்காத மனிதர்.

"பாதியில விட்டுட்டு வர்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. போயாச்சு, முடிச்சிட்டுத்தான் வரணும்."

"முடிஞ்சுதுன்னு எதை வச்சு சொல்வீங்க ஆர்வில்? அதைச் சொல்லிடுங்க, இந்த மூலையை நானே கலைச்சிடறேன்."



"புருஷனைக் கூப்பிடு லவான்," என்று யாரோ சீண்டினார்கள். "வரலேன்னா நாளைக்குக் காப்பி கிடையாதுன்னு சொல்லு."

"கூப்பிட மாட்டேன். அவன் ஓட்டு அவனோடது."

மற்ற மூலைக்காரர்கள் பிஸ்கட்டைக் காட்டி ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லவான் சுட்டு வந்த ஆப்பிள் பை பலகாரம், எல்லா மூலைக்கும் பொதுவாக நடு மேசையில் இருந்தது. அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. எண்ணுகிறவள் அதைக் காட்டக் கூடாது. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

வெர்லின் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டியைச் சூடேற்றப் போகிறானாம். "நழுவிட்டான்," என்று கிசுகிசுத்தார்கள். லவான் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி நிமிடம். "எண்ணப் போறேன்," என்றேன்.

ஆர்வில் நடந்து வந்து லவான் பக்கத்தில் நின்றார்.

"நான் மனசு மாறல. நீ சொல்றது தப்புன்னுதான் இப்பவும் சொல்றேன்," என்றார். "ஆனா நான் அங்க இருந்தப்ப, எனக்காக இந்த ஊர்ல ஒருத்தரும் இப்படி ஒரு மூலையில நிக்கல."

அரசியல் சாக்கடை என்பவர்களை அன்று அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் எண்ணத் தொடங்கும்போது கதவு திறந்தது. வெர்லின், தொப்பியெல்லாம் பனி. தன் மூலையைத் தாண்டி நேரே இங்கே வந்தான்.

"ஆள் சேர்ந்தாச்சு வெர்லின்," என்றேன். "நீ உன் இடத்துக்கே போகலாம்."

"பரவால்ல. என்னையும் சேர்த்து எண்ணு."

லவான் சுவரோரம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.